செடியாக வளர்க்கும் மரம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் மல்பெரித் தோட்டம் போடுவது எப்படி

பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரியை இங்கே எல்லோரும் செடி என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது மரம். வெட்டாமல் விட்டால் 30 அடி தாண்டும், ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு அடி பருக்கும். ஆல், அரசு, அத்தி, பலா எல்லாம் இதன் பங்காளிகள். இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள், பால் வடியும். தமிழில் முசுக்கட்டை என்று பழைய பெயர் உண்டு. அந்த மரத்தைத்தான் 65, 70 நாளுக்கு ஒரு முறை முழங்காலுக்குக் கீழே வெட்டி, புதராக வைத்திருக்கிறோம். வெட்டியதும் இலை இல்லை, சோறாக்க வழியில்லை. வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் அது மறுபடி துளிர்க்கிறது.

முதல் வெட்டுக்கு ஏன் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், கோடையில் ஏன் தரையை ஒட்டி அடிவெட்டு ஆகாது, வெட்டிய கையோடு ஏன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதற்கெல்லாம் இந்தச் சேமிப்புதான் காரணம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் புழுவைப் பற்றியே கேட்கிறார்கள். புழு 25 நாளில் கூடு கட்டி முடித்துவிடும். தோட்டமோ 15 வருடம் நிற்க வேண்டியது. முதல் வருடத்தில் செய்த தப்பை அந்தப் 15 வருடமும் சுமக்க வேண்டியிருக்கும்.

இடமும் தண்ணீரும்

வடிகால் உள்ள செம்மண்ணும் செம்பொறை கலந்த மண்ணும் மல்பெரிக்கு ஏற்றவை. ராயக்கோட்டை, சூளகிரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் பெரும்பாலும் அந்த வகைதான். கார அமிலத்தன்மை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள், வேர் அழுகும். நடுவதற்கு முன் மண்ணையும் போர்த் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மண்ணைவிட அக்கம்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். பட்டுப்புழுவும் ஒரு பூச்சி. தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் புழு வாயிலிருந்து பச்சை நீர் கக்கிச் சாகும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு ஒட்டிய நிலம் என்றால் மார்கழியிலிருந்து மாசி வரை பூவுக்கு மருந்தடிப்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ரோஜா, சாமந்தி, கோஸ் என்று வருடம் முழுக்க அடிப்பார்கள். இன்னொரு வகை மருந்து இன்னும் மோசம். பைரிப்ராக்சிஃபென் போல வளர்ச்சியைக் குழப்பும் மருந்து பட்ட இலையைத் தின்ற புழு சாகாது. நன்றாகத் தின்னும், பருக்கும், ஆனால் கூடு மட்டும் கட்டாது. புகையிலை வயலுக்குக் குறைந்தது 100 மீட்டர் தள்ளி வையுங்கள். புகையிலையின் நிகோடின் மல்பெரி இலைக்கும் ஏறிவிடும். பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, மருந்தடிக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள். வரப்போரம் அகத்தியோ சவுண்டலோ நெருக்கி நட்டு உயிர்வேலி போட்டால் ஓரளவு தடுக்கும்.

தண்ணீர்க் கணக்கை நிலத்தை உழுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பார் கட்டிப் பாய்ச்சினால் ஏக்கருக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒன்றரை அங்குலம் தேவை. அதாவது சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர், 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை. மணிக்கு 10,000 லிட்டர் தரும் போர் என்றால் ஒரு பாய்ச்சலுக்கு 15 மணி நேரம் ஓட வேண்டும். பங்குனி, சித்திரையில் போர் எவ்வளவு தரும் என்று பார்த்து அதற்குத் தகுந்த பரப்பில் வையுங்கள். ஐப்பசித் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் வைத்தவர்கள் கோடையில் ஒரு ஏக்கரைக் காயவிடுகிறார்கள். சொட்டுநீர் போட முடிந்தால் நடும்போதே போடுங்கள். பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தில் மானிய விவரத்தையும் நடவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரகம்

இறவைத் தோட்டத்துக்கு வி1. மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் எஸ்30 வகையையும் பெர்.சி.776 வகையையும் இனக்கலப்பு செய்து 1997-இல் வெளியிட்டது. இலை தடிமன், கரும்பச்சை, பளபளப்பு. ஓரம் வெட்டு இல்லாமல் முழு இலையாக இருக்கும். நாற்று வாங்கும்போது கைவிரல் போலப் பிளந்த இலைகள் நடுநடுவே தெரிந்தால் கலப்பு என்று தெரிந்துகொள்ளலாம். ஜி4 ரகமும் இப்போது பரவி வருகிறது. மானாவாரி என்றால் செம்மண்ணுக்கு எஸ்13, கரிசலுக்கு எஸ்34. வகைகளின் பெருக்கம் பார்க்க வேண்டுமானால் தூரம் போக வேண்டியதில்லை. மத்திய பட்டு வாரியத்தின் மூலவளக் காப்பகம் ஓசூரிலேயே இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளை அங்கே காக்கிறார்கள்.

விதையிலிருந்து வளர்க்க வேண்டாம். ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் தனித்தனி மரத்தில் வரும், காற்றில் மகரந்தம் கலந்துவிடும், எனவே விதைக்கன்று தாயைப் போல இருக்காது. குச்சி ஒன்றுதான் வழி.

குச்சியும் நாற்றங்காலும்

இரட்டை வரிசை நடவில் ஏக்கருக்கு 5,445 நாற்று வேண்டும். செத்துப்போகிறதற்கும் சேர்த்து 6,200 குச்சி போடுங்கள். 4 அடி அகலம் 8 அடி நீளமுள்ள பாத்தியில் வரிசைக்கு 8 அங்குலம், குச்சிக்கு 4 அங்குலம் இடைவெளி விட்டால் 144 குச்சி பிடிக்கும். 43, 44 பாத்தி தேவை. வாய்க்கால், நடைபாதை எல்லாம் சேர்த்து 5 சென்ட் இடம் போதும். பாத்திக்கு 20 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டுக் கொத்திக் கலந்துவிடுங்கள்.

குச்சி எடுக்கும் கிளைக்கு 8 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பென்சில் பருமன், பட்டை பழுப்பேறியிருக்க வேண்டும். நுனியின் பச்சைப் பகுதியையும் அடியின் முற்றிய கட்டைப் பகுதியையும் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். 6, 7 அங்குல நீளம், 3 அல்லது 4 கணு. மேல்வெட்டு கணுவுக்கு அரை அங்குலம் மேலே நேராக, கீழ்வெட்டு சாய்வாக. நேர்வெட்டு மேல், சாய்வெட்டு கீழ் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் குச்சி நடும் கூலியாளும் தலைகீழாக நடமாட்டார். கத்தி மழுங்கியிருந்தால் பட்டை பிய்ந்து தொங்கும். அந்தக் குச்சியைக் கழித்துவிடுங்கள், அந்த இடத்தில் வேர் வராது, பூஞ்சைதான் வரும். வெட்டியவற்றை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, மறுநாளைக்குள் நட்டுவிட வேண்டும். சற்றுச் சாய்த்துச் செருகி, ஒரு கணு மட்டும் வெளியே தெரிய மண்ணை மிதித்து இறுக்குங்கள். இடைவெளியில் காற்று நின்றால் குச்சி காயும்.

10, 12 நாளில் துளிர் வரும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது பொய்த்துளிர். வேர் இன்னும் வந்திருக்காது. குச்சிக்குள் இருக்கும் சத்தைத் தின்றே இலை விரிகிறது. பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்தால் நாலாவது வாரம் வரிசையாகக் கருகும். வேர் ஓடும் வரை, அதாவது முதல் ஒரு மாதம், மண்ணின் ஈரம் காயக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு குச்சியை மெதுவாக மண்ணோடு தோண்டிப் பாருங்கள். சாய்வெட்டின் விளிம்பிலும் கணுவடியிலும் வெள்ளை நூல் போல வேர் தெரிய வேண்டும். அதன் பிறகு வாரம் ஒரு தண்ணீர் போதும். மூன்றரை, நாலு மாதத்தில் மூன்றடி உயரம் வந்திருக்கும், நடவுக்குத் தயார்.

தோட்டத்திலேயே நேரடியாகக் குச்சி நடுகிறவர்களும் உண்டு. செலவு குறைகிறதுதான், ஆனால் ஏக்கர் முழுக்க ஒரு மாதம் ஈரம் காயாமல் பார்ப்பது லேசில்லை. நாற்றுவிட்டு நடுவதே எங்கள் பரிந்துரை.

நடவு

மாசியில் குச்சி போட்டால் ஆனி, ஆடியில் நடலாம். தென்மேற்குப் பருவமழையின் கடைசியும் வடகிழக்கின் தொடக்கமும் சேர்ந்து நாற்றைத் தூக்கிவிடும். அதற்கு முன்பே நிலத்தை ஒன்றேகால் அடி ஆழத்துக்கு உழுது ஆறவிட்டு, ஏக்கருக்கு 8 டன் தொழுவுரம் போட்டு மறுபடி உழுங்கள். மரம் 15 வருடம் நிற்கும் இடத்தில் அடிமண்ணைக் கிளறிவிட இது ஒன்றுதான் வாய்ப்பு.

இரட்டை வரிசை என்பது இரண்டு வரிசைக்கு நடுவே 3 அடி, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே 5 அடி, வரிசைக்குள் செடிக்குச் செடி 2 அடி. அந்த ஐந்தடியில் பவர் டில்லர் ஓடும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சொட்டுநீர்க் குழாய் போதும். 3 அடிக்கு 3 அடி நட்டால் ஏக்கருக்கு 4,840 செடி வரும். ஆனால் களையெடுப்பு முழுக்க ஆள் கூலியில் போகும். இன்றைக்கு ஆள் கிடைக்கிற நிலவரத்தில் இரட்டை வரிசைதான் சரி.

ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி. மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதோடு இரண்டு கிலோ மக்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து குழிக்குள் போடுங்கள். புண்ணாக்கு கரையானுக்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் கட்டுப்பாடு. நாற்றங்காலில் முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள், பிடுங்காதீர்கள். பிய்ந்த வேரைச் சீவி, மேலே முக்கால் அடி தண்டை மட்டும் விட்டு நுனியைக் கழித்து நடுங்கள். இலையோடு நட்டால் வேர் பிடிப்பதற்குள் இலை வழியே ஈரம் போய்விடும்.

ஒரு மாதத்துக்குள் வரிசையாக நடந்து பார்த்து, போன இடத்தில் மீதி நாற்றை நட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நட்டால் பக்கத்துச் செடிகளின் நிழலில் அது தேறாது. 300 இடம் காலியாக இருந்தால் அந்த 300 இடத்தின் இலை ஒவ்வொரு அறுவடையிலும் நட்டம், 15 வருடத்துக்கும்.

நட்ட இரண்டாவது மாதம் களை எடுத்து, ஏக்கருக்கு 120 கிலோ 17:17:17 கலப்பு உரம் கொடுங்கள். ஆறு மாதம் முடியும் வரை கத்தி வைக்கக்கூடாது. நாலாவது மாதமே தோட்டம் பச்சைப் பசேல் என்று நிற்கும், புழு வாங்கிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்த இலைதான் வேருக்கு மாவுச்சத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு வெட்டிய செடி மெல்லிய கிளை நாலு விடும், அப்படியே நின்றுவிடும்.

கவாத்து

முதல் வெட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். பிறகு 65 முதல் 70 நாளுக்கு ஒரு அறுவடை, வருடத்துக்கு ஐந்து. காஷ்மீரில் மல்பெரி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும், அதனால் அங்கே புழு வளர்ப்பு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். நம் பக்கம் வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போவது அரிது, மரம் தூங்குவதில்லை. ஆனாலும் தளி, ஓசூர் பக்கம் சுமார் 3,000 அடி உயரம். மார்கழி, தையில் துளிர் மந்தமாக வரும். அப்போது 70 நாளுக்கு 80 நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு புழுவுக்குச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, மழை தொடங்கும்போது, தரையிலிருந்து அரை அடி விட்டு அடிவெட்டு வெட்டினால் முடிச்சு விழுந்த பழைய கட்டையெல்லாம் கழிந்து புதுக்கிளை வரும். பங்குனி, சித்திரையில் இதைச் செய்யவே கூடாது. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் சேமிப்பு தீர்ந்த வேர் பட்டினி கிடக்கும், வேரழுகல் அப்போதுதான் நுழையும்.

வெட்டுகிற விதம் முக்கியம். கொடுவாளால் ஒரே வீச்சில் போட்டால் வேகம்தான், ஆனால் பருத்த கிளை பாதி வெட்டுப்பட்டு மீதி நார்நாராகக் கிழியும். குனிந்து பார்த்தால் கட்டையின் தலையில் பட்டை விட்டு, உள்ளே தண்ணீர் தேங்க ஒரு பிளவு தெரியும். அடுத்த மழையில் அது கறுத்துக் கட்டை உளுத்துப்போகும். விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் கை ரம்பம். கிளையை மறுகையால் பிடித்துக்கொண்டு லேசான சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய அன்றே தண்ணீர். பதினைந்து, இருபது நாளில் துளிர் சாண் நீளம் வந்ததும் களையெடுத்து உரம் வையுங்கள். நலிந்த துளிர்களைக் கிள்ளிவிட்டுச் செடிக்குப் பருமனான 8, 10 கிளை நிறுத்தினால் இலை பெரிதாக இருக்கும்.

உரம்

வி1 ரகத்துக்கு ஏக்கருக்கு வருடம் 140 கிலோ தழைச்சத்து, 56 கிலோ மணிச்சத்து, 56 கிலோ சாம்பல்சத்து. ஐந்தாகப் பிரித்தால் ஒரு வெட்டுக்கு யூரியா 60 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 70 கிலோ, பொட்டாஷ் 19 கிலோ. இதோடு வருடத்துக்கு 8 டன் தொழுவுரம், இரண்டு தடவையாக. இலை கறுப்பாக வர வேண்டும் என்று யூரியாவை மட்டும் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இலை நீர்கோத்து மெதுமெதுவென்று இருக்கும். அதைத் தின்ற புழுவுக்கு நோய் சீக்கிரம் தொற்றும், கூட்டின் ஓடும் மெலியும்.

என்னென்ன கெடும்

முதலில் துக்ரா. நுனியில் நாலைந்து இலை சுருங்கி, தடித்து, கரும்பச்சையாகக் கொத்தாக நிற்கும், கணு இடைவெளி குறுகிப்போகும். அந்தக் கொத்தைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே வெள்ளை மாவு பூசிய இளஞ்சிவப்புப் பூச்சிகள் அடையாக இருக்கும். மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்குவதை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம். அந்த நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு, தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். தரையில் போட்டால் மறுபடி ஏறும். கிரிப்டோலேமஸ் பொறிவண்டு ஏக்கருக்கு 250 விட்டால் கட்டுக்குள் வரும். பொறிவண்டின் இளம்புழுவும் மாவு பூசியது போலவே இருக்கும், மாவுப்பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். அது வேகமாக நகரும், மாவுப்பூச்சி மெதுவாகத்தான் நகரும்.

பப்பாளி மாவுப்பூச்சி இன்னொன்று. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, அடுத்த இரண்டு வருடத்தில் தமிழ்நாட்டு மல்பெரித் தோட்டங்களை மொட்டையடித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசிரோஃபேகஸ் என்ற சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறது. கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது அதுதான்.

முன்பெல்லாம் மல்பெரிக்கு டைக்ளோர்வாஸ் அடிக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அது நாட்டில் தடையாகிவிட்டது. பழைய கையேட்டைப் பார்த்து யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேப்பெண்ணெய் சார்ந்த மருந்துக்கும் குறைந்தது 10 நாள் இடைவெளி விட்டே இலை பறிக்க வேண்டும். சந்தேகமான இலை என்றால் பத்துப் புழுவுக்கு மட்டும் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை இலை சுருட்டுப் புழு நுனியை நூலால் கட்டி உள்ளிருந்து தின்னும். கிள்ளி அழிப்பதே போதும். பனிக்காலத்தில் இலையடியில் வெள்ளைத்தூள் படிவது சாம்பல் நோய், நெருக்கமும் நிழலும் உள்ள இடத்தில்தான் அதிகம்.

பயப்பட வேண்டியது வேரழுகல். நேற்று நன்றாக நின்ற செடி இன்று வாடி நிற்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும், வேர்ப்பட்டை உரிந்து கறுத்திருக்கும். அந்தச் செடியைத் தோண்டி எரித்து, குழியைத் திறந்து வெயில் காட்டுங்கள். 50 கிலோ மக்கிய எருவில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரப்படுத்தி ஒரு வாரம் நிழலில் மூடி வைத்து, குழிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் அரைக் கிலோ வீதம் போடுங்கள். நோய்ப்பட்ட செடியைத் தோண்டிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இலையிலிருந்து கூடு

நன்றாகப் பராமரித்த ஒரு ஏக்கர் வி1 ஒரு அறுவடைக்கு 200 முதல் 250 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) இலை தரும். முதல் பேட்சுக்கு 100 தொகுதிக்கு மேல் எடுக்காதீர்கள். முட்டையாக வாங்காமல், இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்குங்கள். மொத்த இலையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல், நாலாம் தோலுரிப்புக்குப் பிறகு வரும் கடைசியான ஐந்தாம் பருவத்தில்தான் தீரும். அதனால் ஐந்தாம் பருவத்துக்கு எத்தனை வரிசை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டைத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகலாம். ஓசூர்க்காரர்கள் ராமநகரம் வரைக்கும் போகிறார்கள். புழு வளர்ப்பு மனையைத் தோட்டம் நட்ட ஆறு மாதத்துக்குள் கட்டி முடித்துவிட்டால் முதல் வெட்டு வீணாகாது.

மரமாகவே விட்டால்

பென்னாகரம், அரூர் பக்கம் தண்ணீர் குறைந்த நிலத்தில் 8 அடிக்கு 8 அடி நட்டு, ஏக்கருக்கு 680 மரமாக வளர்ப்பது நல்ல வழி. நாலைந்து அடி வரை ஒற்றைத் தண்டாக ஏற்றி, அதற்கு மேல் கிளை விட்டு வெட்டிக்கொள்ளலாம். வேர் ஆழமாகப் போவதால் வறட்சி தாங்கும்.

வீட்டில் பழத்துக்கு ஒரு மரம் வேண்டும் என்றால், காய்த்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்தே குச்சி எடுங்கள். ஆண் மரத்துக் குச்சி பொதுவாகக் காய்க்காது. ஆண் பூ தன் மகரந்தத்தை ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் வீசி எறிகிறது என்று 2006-இல் அளந்து சொன்னார்கள். தேனீ இல்லாமலே காற்றில் வேலை முடிந்துவிடும். பூ புதுத்துளிரோடு சேர்ந்து வருவதால், கிளை நுனியைக் கழித்து இலையை உருவிவிட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று வாரத்தில் துளிரோடு பிஞ்சும் தெரியும். நன்றாகக் கறுத்த பழம்தான் தின்ன வேண்டும், காயில் பால் இருக்கும், வயிற்றைப் புரட்டும். வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் வைக்காதீர்கள், விழுந்த பழத்தின் கறை போகாது.

புழு தின்று மிஞ்சிய இலையும் பச்சைக் குச்சியும் ஆட்டுக்கு அருமையான தீனி, காய்ந்த இலையில் 15 முதல் 25 சதவீதம் புரதம் இருக்கிறது. முற்றிய குச்சி அடுப்புக்கு. பருத்த மரத்தின் கட்டை வைரமானது, வளைந்து கொடுக்கும். ஹாக்கி மட்டை செய்யும் மரம் இதுதான். புழுப் படுக்கையின் எச்சமும் காம்பும் நல்ல உரம், ஆனால் பச்சையாகத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. நோய்ப்பட்ட புழுவின் கிருமி இலை வழியாகவே அடுத்த பேட்சுக்கு வந்துவிடும். தோட்டத்துக்கும் மனைக்கும் எட்டத்தில் குழி வெட்டி, சாணக்கரைசல் தெளித்து மண் மூடி, மூன்று, நாலு மாதம் மக்கவிட்ட பிறகு வரிசைகளுக்குள் போடுங்கள்.